கெபி பார்க்க 20 நிமிடம் போதும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கல்மன் என்றொரு சின்ன ஊர். அங்கே ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் புனித பெர்னார்டு மடம் 1891 முதல் இருக்கிறது. மடத்தைக் கட்டக் கல் வெட்டியெடுத்த பழைய குவாரியில்தான் ஆவே மரியா கெபி. மரநிழல், பறவைச் சத்தம், சரிவில் வளைந்து இறங்கும் நடைபாதை. பாதையோரம் சிமென்ட்டும் கல்லும் குழைத்துக் கையாலேயே கட்டிய 125 குட்டிக் கட்டடங்கள். நடுநாயகமாக மாதா. எல்லாம் சேர்த்துச் சுமார் 4 ஏக்கர்.

இத்தனை அமைதியைக் கையில் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நம்மில் பலருக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. வேண்டாம். கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் பின்பற்றுங்கள். பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை. மீதியையும் பழக்கிவிடுகிறேன்.

1. எதையும் படிக்காமல் கிளம்புங்கள்

முன்கூட்டிப் படிப்பது ஆபத்து. படித்தால், பவேரியாவின் லாண்ட்ஸ்ஹூட் ஊரில் 1878-இல் பிறந்த ஒரு பையன், மீசை முளைக்காத வயதில் 1892-இல் கப்பலேறி இந்த மடத்துக்கு வந்தான் என்பது தெரிந்துவிடும். ஒரு விபத்தில் அவனுக்கு முதுகு கூன் விழுந்ததும், அருட்சகோதரர் ஜோசப் ஸோட்டில் என்ற பெயரோடு மடத்தின் பவர் ஹவுஸில் பல்லாண்டு காலம் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்ததும் தெரிந்துவிடும். கேஜைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் இந்தக் குட்டிக் கட்டடங்களைச் செய்ய ஆரம்பித்தார் என்பதும் சேர்ந்து வந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் கால் நின்றுவிடும். நமக்கு எதற்கு அந்த வம்பு? காரில் யாராவது "என்ன இடம் அது?" என்று கேட்டால், "ஏதோ சர்ச்சாம், கூகுள்ல நல்ல ரேட்டிங்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

2. வேறொரு ஊருக்குப் போகும் வழியில் செருகுங்கள்

இதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குவது ஊதாரித்தனம். ஐ-65 நெடுஞ்சாலையில் தெற்கே கடற்கரைக்குப் போகிற நாளில், பர்மிங்ஹாமுக்குச் சுமார் 50 மைல் முன்னால் இந்த ஊர் வரும். அங்கே செருகுங்கள். எக்செல் ஷீட்டில் இப்படிப் போடுங்கள்: 11:40 கெபி, 12:00 கிளம்புதல். பெட்ரோல் பங்க்குக்கு 15 நிமிடம் கொடுத்திருப்பீர்கள். ஒரு மனிதரின் ஆயுட்கால உழைப்புக்கு அதைவிட 5 நிமிடம் கூடுதலாகவே கொடுக்கிறீர்கள். தாராளம்தான்.

3. ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

சென்னையிலிருந்து வந்திறங்கி இன்னும் தூக்கம் தெளியாத மாமனார், மாமியார் உத்தமம். மாமியாருக்கு முட்டி வலி இருக்குமானால் இன்னும் நல்லது. பாதை சரிவாக இறங்கி ஏறும் என்பதை அவரிடம் சொல்லாதீர்கள். ஜூலை மாத நண்பகலைத் தேர்ந்தெடுங்கள். அலபாமா வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று வேண்டும், காதில் இயர்பட்ஸுடன். ஏழு வயதுக் குழந்தை ஒன்றும் வேண்டும். ஆனால் இந்தக் குழந்தை விஷயத்தில் கவனம் தேவை. ஏன் என்று 10-ஆம் படியில் சொல்கிறேன்.

4. கவுண்டரில் ரூபாய்க்கு மாற்றுங்கள்

உள்ளே போகச் சில டாலர் கட்டணம் உண்டு. உடனே 'மூத்தோருக்குச் சலுகை உண்டா' என்று கேளுங்கள். உண்டு என்றால், 'குடும்பமாக வந்தால் இன்னும் குறையுமா' என்று கேளுங்கள். பின்னால் வரிசை நிற்பதைப் பார்க்காதீர்கள். கடைசியில் கட்டணத்தை ரூபாயில் பெருக்கி, மாமனார் காதில் விழும்படி சொல்லுங்கள். அவர் "வேளாங்கண்ணியில டிக்கெட்டே கிடையாதே மாப்ள" என்பார். அந்த ஒரு வரி போதும். மீதி 18 நிமிடமும் அவர் பணத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடப்பார். ஆம், 2 நிமிடம் கவுண்டரிலேயே போய்விட்டது.

5. முதல் வளைவிலேயே தீர்ப்பு சொல்லுங்கள்

முதல் கட்டடம் கண்ணில் பட்டதும் இடுப்பில் கைவைத்து நின்று, சத்தமாக: "என்ன, எல்லாம் சின்னதா இருக்கு?"

இது மிக முக்கியம். குட்டிக் கட்டடங்களைப் பார்க்க வந்த இடத்தில் அவை குட்டியாக இருப்பதைக் குறையாகச் சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. நிஜமான புனித பேதுரு பேராலயத்தோடும், நிஜமான கொலோசியத்தோடும் உயரத்தை ஒப்பிடுங்கள். அருட்சகோதரர் ஜோசப் பெரும்பாலான கட்டடங்களை நேரில் கண்டதே இல்லை, போஸ்ட்கார்டையும் புத்தகப் படத்தையும் பார்த்தே செய்தார் என்று யாராவது சொன்னால், "அதான் அளவு தப்பிடுச்சு" என்று முடித்துவிடுங்கள்.

6. பலகைகளைப் படம் எடுங்கள், படிக்காதீர்கள்

வழியில் தகவல் பலகைகள் வரும். போனைத் தூக்கி ஒரு கிளிக். "அப்புறம் வீட்டுல நிதானமா படிச்சுக்கலாம்." இந்த வாக்கியத்தை முகத்தில் சிரிப்பு வராமல் சொல்லப் பழகுங்கள். உங்கள் போனில் இப்படி நிதானமாகப் படிக்கப்படக் காத்திருக்கும் பலகைகள் ஏற்கெனவே தஞ்சாவூரிலிருந்து நயாகரா வரை இருக்கின்றன. அவற்றோடு இதுவும் சேரட்டும்.

படம் எடுக்கும்போது உங்கள் கட்டைவிரல் பாதி எழுத்துகளை மறைக்கும்படி பார்த்துக்கொண்டால் இன்னும் சிறப்பு. கெபி 1934 மே 17 அன்று அர்ச்சிக்கப்பட்டது என்ற வரி மறைந்துவிடும். அவர் கடைசியாகக் கட்டியது லூர்து பேராலயம், ஆண்டு 1958, வயது 80 என்ற வரியும் மறைந்துவிடும். 80 வயதில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து சிமென்ட் குழைத்தார் என்று தெரிந்தால், முட்டி வலிக்கிறது என்று முனகும் மாமியாருக்கு மனச்சங்கடம். தவிர்க்கலாமே.

7. வேகத்தைக் கணக்குப் போட்டு நடங்கள்

கட்டடங்கள் 125. நேரம் 20 நிமிடம், அதாவது 1,200 விநாடி. ஒன்றுக்கு 10 விநாடிகூட இல்லை. கவுண்டரில் போன நேரத்தைக் கழித்தால் இன்னும் இறுகும். ஆகவே நின்று பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கையை நீட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே போங்கள்: எருசலேம், நோவாவின் பேழை, பாபேல் கோபுரம், பாபிலோன் தொங்கு தோட்டம், டெக்சஸ் அலமோ, இத்தாலியின் மோன்டே கசீனோ மடம். "ஆச்சு, ஆச்சு, ஆச்சு."

முன்னால் ஜெபமாலை உருட்டியபடி ஒரு மூதாட்டி மெதுவாகப் போய்க்கொண்டிருப்பார். பாதை குறுகல். தொண்டையைச் செருமுங்கள். அப்படியும் விலகாவிட்டால் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லி, அவருக்கும் அவர் ஜெபித்துக்கொண்டிருக்கும் சுரூபத்துக்கும் நடுவில் குடும்பத்தோடு கடந்து போங்கள். பதின்மப் பிள்ளை கடைசியில் வரட்டும். இயர்பட்ஸிலிருந்து கசியும் பறை ஓசை அவருக்கும் கொஞ்சம் கேட்கட்டும்.

8. பீசா கோபுரத்தைத் தாங்கிப் பிடியுங்கள்

சாய்ந்த கோபுரத்தின் குட்டி வடிவமும் இங்கே உண்டு. இத்தாலிக்குப் போகிறவர்கள் தூரத்தில் நின்று கையை நீட்டி, கோபுரத்தைத் தாங்குவதுபோலப் படம் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. கோபுரம் உங்களைவிடக் குள்ளம், நேரடியாகவே பிடிக்கலாம்.

பாதையை விட்டு இறங்கக் கூடாதுதான். ஆனால் பாதையிலிருந்து எடுத்தால் ஆங்கிள் வராது. பாசி படர்ந்த கல்மீது ஒரு காலையும், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் மற்றொரு காலையும் வையுங்கள். 1984 முதல் இந்த இடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் செருப்புத் தடமும் வரலாறுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். மாமனாரையும் இறக்கிவிடுங்கள். அவர் எதற்குப் பிடிக்கிறோம் என்று புரியாமல், பஸ் கம்பியைப் பிடிப்பதாக நினைத்து இறுக்கிப் பிடிப்பார். "மாமா, லேசா! லேசா!" என்று கத்துங்கள். இந்தக் கத்தல் குவாரிச் சுவரில் பட்டு எல்லோருக்கும் கேட்கும்.

படம் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு தடவை. இதற்கு மட்டும் 6 நிமிடம் ஒதுக்கலாம்.

9. ஒரே ஒரு தகவலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்

எவ்வளவு தடுத்தாலும் ஒரு தகவல் காதில் விழத்தான் செய்யும். அது இதுவாக இருக்கட்டும்: இங்குள்ள கட்டடங்களுக்கு அருட்சகோதரர் ஜோசப் பயன்படுத்திய பொருள்களில் கழிப்பறைத் தொட்டியின் மிதவைப் பந்தும் ஒன்று.

கிடைத்துவிட்டதா? இனி வேறெதுவும் தேவையில்லை. ஒவ்வொரு கோபுர உச்சியையும் காட்டி, "இதுவும் டாய்லெட் பந்தா?" என்று கேளுங்கள். ஆலயத்தின் முன்னால் கேட்டால் சிரிப்பு கூடும்.

குனிந்து பார்த்துத் தொலைக்காதீர்கள். குனிந்தால் அதே சுவரில் கோலிக்குண்டு தெரியும். சிப்பி தெரியும். கவரிங் நகையின் கல், சைக்கிள் ரிஃப்ளெக்டர், முகத்துக்குப் பூசும் கிரீம் ஜாடி, உடைந்த ஓடு எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்குள் யாரோ தூக்கிப்போட்ட ஒரு பழைய பறவைக்கூண்டு இருக்கிறது என்பதும், ரயில் தடம்புரண்டு நொறுங்கிய சலவைக்கல் ஒரு வண்டியாக மடத்துக்கு வந்து இங்கே வேலைக்கு உதவியது என்பதும் தெரிய வரும். யாருக்கும் வேண்டாத பொருளை வாங்கி வைத்து, எது எந்த மாடத்துக்குப் பொருந்தும் என்று ஒருவர் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டால், உங்கள் டாய்லெட் ஜோக் உங்களுக்கே கசந்துவிடும். நல்ல ஜோக்கை வீணாக்க வேண்டாம்.

10. குழந்தையையும் மாமியாரையும் கண்காணியுங்கள்

உங்கள் திட்டத்தைக் கெடுக்கப் போகிறவர்கள் இவர்கள் இருவரும்தான்.

முதலில் குழந்தை. ஹான்சலும் கிரெட்டலும் வருகிற தேவதைகளின் கோட்டை ஒன்று இங்கே உண்டு. அதன் அடியில் நிலவறை. நிலவறையில் சங்கிலி போட்ட டிராகன். பெரியவர்கள் நின்ற வாக்கில் பார்த்தால் அது கண்ணில் படாது. குழந்தை தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்துவிடும். அப்புறம் கேள்விகள் ஆரம்பம்: "டிராகன் ஏன் கெட்டது? அதுக்கு யாரு சாப்பாடு போடுவா? பிரதரே சாப்பாடு போடுவாரா? சர்ச்சுக்குள்ள தேவதை வரலாமா?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் உட்கார்ந்து பதில் சொன்னாலும் போச்சு. ஒரு கத்தோலிக்கத் துறவி, எருசலேமும் ரோமும் கட்டிய கையால், பாட்டி கதைக் கோட்டையையும் ஏன் கட்டினார் என்று நீங்களே யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். "டிரஸ் அழுக்காகுது, எழுந்திரு" என்று கையைப் பிடித்துத் தூக்குங்கள். அழுதால் ஐபேட்.

அடுத்து மாமியார். முட்டி வலியோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர், எதிரே உள்ள சரிவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மெல்ல, "நம்ம வீட்டுக் கொலுவுல பார்க் கட்டுவோமே, அந்த மாதிரி இருக்குடி" என்பார். "கண்ணாடித் துண்டு வெச்சுக் குளம் பண்ணி, மரத்தூள் தூவிப் பாதை போட்டு, மலைக்குத் துணி மடிச்சு வெப்போம். மலையில ஒரு கோயில் வெக்கறதுக்குள்ள ராத்திரி ஆயிடும். இவர் இதுக்கு எத்தனை ராத்திரி உக்கார்ந்திருப்பாரோ."

பார்த்தீர்களா? ஒரு பலகையையும் படிக்காமல், ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாமல், நடந்துகூடப் பார்க்காமல், அவர் இடத்தைப் பிடித்துவிட்டார். இதை இப்படியே வளரவிட்டால் பெஞ்சைவிட்டு எழமாட்டார். உடனே குறுக்கே புகுந்து, "அம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேளுங்கள். பேச்சு சர்க்கரைக்குத் திரும்பிவிடும்.

11. கெபியின் முன்னால் வீடியோ கால் போடுங்கள்

இப்போது மையக் கெபிக்கு வந்துவிட்டீர்கள். குவாரிப் பாறையோடு பாறையாக எழும் இதன் உயரம், அகலம், ஆழம் மூன்றும் சுமார் 27 அடி. உள்கூரையிலிருந்து சிமென்ட்டால் செய்த பாறைக் கூம்புகள் தொங்குகின்றன. நடுவில் குழந்தையோடு மாதா. இரு பக்கமும் புனித ஆசீர்வாதப்பரும், அவரோடு இரட்டையராகப் பிறந்த புனித ஸ்கொலாஸ்டிகாவும். முன்னால் யாரோ ஒருவர் கண்ணை மூடி நின்றுகொண்டிருப்பார்.

போன் போட இதுதான் நேரம். ஊரில் இரவு பத்தரை. பெரியப்பா படுக்கப் போயிருப்பார். எழுப்புங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள்.

"தெரியுதா பெரியப்பா?"

"என்னது?"

"கெபி! மாதா கெபி! தெரியுதா?"

"உன் மூக்குதான் தெரியுது."

"கேமராவைத் திருப்பறேன் இருங்க. இப்பத் தெரியுதா?"

"இருட்டா இருக்கு. வில்லியனூர் லூர்து மாதாவா அது?"

"இல்ல பெரியப்பா, அமெரிக்கா!"

"அமெரிக்காவுல எதுக்குடா கெபி பாக்கப் போன? வில்லியனூர் இங்க பஸ் ஏறினா வந்துடும்."

இந்த உரையாடலைக் குறையாமல் 4 நிமிடம் நீட்டலாம். கண்ணை மூடி நின்றவர் கண்ணைத் திறந்து, ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மெல்ல நகர்ந்துவிடுவார். இடம் காலி. இனிக் குடும்பப் படம் தடங்கலில்லாமல் எடுக்கலாம்.

12. வேண்டுதலைப் பட்டியலாக வையுங்கள்

வந்ததற்கு ஏதாவது கேட்காமல் போவது நஷ்டம். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் பரவாயில்லை. மாதா பாகுபாடு பார்ப்பதில்லை என்று மாமனாரே சொல்வார். ஆனால் நேரம் குறைவு. எனவே சுருக்கமாக, அலுவலக மெயில் மாதிரி, முக்கியத்துவ வரிசையில்: கிரீன் கார்டு, பையனுக்கு நல்ல காலேஜ், வீட்டுக் கடன் வட்டி, மானேஜருக்கு வேறு ஊருக்கு மாற்றல். எல்லாவற்றுக்கும் கெடு தேதி கொடுங்கள்.

நடந்தால் திரும்பி வருகிறேன் என்று நேர்ந்துகொள்ளுங்கள். திரும்பி வந்தாலும் 20 நிமிடம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நாணயம்.

13. புளியோதரையைத் திறங்கள்

மணி 12 ஆகிவிட்டது. வெளியே எவ்வளவோ இடம் இருந்தாலும், நிழலான பெஞ்ச் இங்கேதான் இருக்கிறது. டப்பாவைத் திறங்கள். நல்லெண்ணெய் வாசனை குவாரி முழுக்க இறங்கும். அப்பளக் கவரைப் பிரிக்கும் சத்தம், அமைதியான இடத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிவியல்பூர்வமாகத் தெரிந்துகொள்வீர்கள். கை கழுவக் குழாய் எங்கே என்று தேடாதீர்கள். பாட்டில் தண்ணீரை ஓரமாக ஊற்றினால் போதும், செடிக்கும் நல்லது. கறிவேப்பிலையும் காய்ந்த மிளகாயும் மக்கிவிடும் என்பதால் அங்கேயே விட்டுவிடலாம். பெத்லகேம் பக்கமாக விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

14. கடையில் 15 நிமிடம் தங்குங்கள்

இதுவரை சேமித்த நேரத்தைச் செலவழிக்கும் இடம் இதுதான். பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப் பின்பக்கம் திருப்பி, எந்த நாட்டில் செய்தது என்று பாருங்கள். ஜெபமாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கழுத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். மாமியாருக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று, வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் நடந்து போகும் வேலைக்கார அம்மாவுக்கு ஒன்று. விலையைப் பார்த்தபின், வேலைக்கார அம்மாவுடையதைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

போஸ்ட்கார்டு அடுக்கு கண்ணில் பட்டால் மட்டும் வேகமாகத் தாண்டுங்கள். இந்தக் காலத்தில் யார் அதை வாங்குகிறார்கள்? இந்தக் குவாரியில் இருந்த மனிதர் வேண்டுமானால் ஒரு போஸ்ட்கார்டை மாதக்கணக்கில் பார்த்து, ஜன்னலை எண்ணி, வளைவை அளந்து, பார்க்காத ஊரைக் கட்டியிருக்கலாம். கரி அள்ளிப் போட்டுவிட்டு மிச்ச நேரத்தில் செய்வதற்கு அவருக்கு வேறு வேலை இல்லை. இதற்கு முன்பே கைக்கு அடக்கமான சின்னச் சின்னக் கெபிகளை ஆயிரக்கணக்கில் செய்து மடத்துக்கு விற்கக் கொடுத்தவர் அவர், பழக்கம். உங்கள் போனில் இப்போது 412 படங்கள் ஏறியிருக்கின்றன. அவரைவிட 411 கூடுதல். அவற்றைக் கொண்டு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

15. காரில் உட்கார்ந்தே விமர்சனம் எழுதுங்கள்

ஏசி குளிர்வதற்குள் முடித்துவிடலாம். மூன்று நட்சத்திரம். ஐந்து கொடுத்தால் அனுபவமில்லாதவர் என்று நினைப்பார்கள். மாதிரி வாசகம் தருகிறேன், அப்படியே பயன்படுத்தலாம்:

"அமைதியான இடம். ஆனால் சத்தம் போடும் குடும்பங்கள் அதிகம். எல்லாம் ரொம்பச் சின்னதாக இருக்கிறது. பெரிதாகக் கட்டியிருக்கலாம். சரிவுப் பாதை, முதியோருக்கு ஏற்றதல்ல; முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட இடம் இல்லை. குழந்தைக்குப் பிடித்த ஒரே பொம்மை அடியில் ஒளிந்திருக்கிறது, மேலே வைக்கலாம். 20 நிமிடம் போதும்."

"சத்தம் போடும் குடும்பங்கள்" என்ற வரியை எழுதும்போது கண்ணாடியைப் பார்க்க வேண்டாம்.

16. அடுத்த பயணத்துக்கு இதைப் பயன்படுத்துங்கள்

இந்தப் படியில்தான் முழுப் பலனும் இருக்கிறது. அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ கிரீன் கார்டு வந்து, ஐரோப்பா டூர் போடுவீர்கள். எட்டு நாளில் ஆறு நாடு. ரோமில் வழிகாட்டி உங்களைப் பேதுரு பேராலயத்தின் சதுக்கத்துக்கு அழைத்துவந்து, குவிமாடத்தைக் காட்டி, மைக்கேலாஞ்சலோ என்று ஆரம்பிப்பார். ஏழு வயது எட்டாகியிருக்கும் குழந்தை, அந்தக் குவிமாடத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள எவ்ளோ பெரிய பறவைக்கூண்டு வெச்சிருக்காங்க?" என்று கேட்கும்.

கூண்டு விஷயம் அதற்கு எப்படித் தெரிந்தது என்று ஆராயாதீர்கள். நீங்கள் பீசா கோபுரத்தில் மும்முரமாக இருந்தபோது பாட்டியோ பலகையோ சொல்லியிருக்கலாம். குழந்தையின் கையைப் பிடித்து இழுங்கள். வழிகாட்டியிடம், "இதெல்லாம் அலபாமாவிலேயே பார்த்தாச்சு" என்று பெருமையாகச் சொல்லுங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஜன்னலோர சீட் உங்களுக்குத்தான்.